நட்பின் வழியே நுழைந்தவர்கள்

வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுப்பது குறித்த ஆய்வுகள் அடிக்கடி எடுத்துக்காட்டும் நாடுகளுள் ஒன்று இத்தாலி. 1978 மார்ச் 16 அன்று, ‘செம்படையணி’ என்னும் இடதுசாரித் தீவிரவாதக் குழு முன்னாள் பிரதமர் அல்டோ மோரோவை ரோம் நகரத் தெருவில் கடத்தியது. மெய்க்காவலர் ஐவரும் கொல்லப்பட்டனர். மே 9 அன்று, மோரோவின் உடல் ஒரு காரின் பின்புறத்தில் கண்டெடுக்கப்பட்டது.

இத்தகைய கொலைகளைச் செய்தவர்கள் சித்தாந்தத்தைக் கற்றுத் தெளிந்தே ஆயுதம் ஏந்தியிருப்பர் என்று நாம் எண்ணுவோம். நீதிமன்ற ஆவணங்களையும் வாழ்க்கை வரலாறுகளையும் ஆராய்ந்த சமூகவியலாளர் டொனாடெல்லா டெல்லா போர்த்தா கண்டது வேறு. பெரும்பாலோர் நட்பின் வழியாகவே உள்ளே நுழைந்திருந்தனர். தலைமறைவு வாழ்க்கை பிற உறவுகளை அறுத்தெறிய, குழுவே அவர்களது உலகமாயிற்று.

இந்த உண்மையின் ஒளியில் இத்தாலியின் இரு சட்டங்களை ஒப்பிடலாம். 1982-ஆம் ஆண்டுச் சட்டம், தோழரைக் காட்டிக்கொடுத்து உதவியவர்க்குத் தண்டனையைக் குறைத்தது. குழுக்களைச் சிதைப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் நட்பால் கட்டுண்டவனுக்கு அது கடக்க முடியாத வாசல். 1987-ஆம் ஆண்டுச் சட்டமோ, தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு வன்முறையைக் கைவிடுவதை மட்டுமே கேட்டது. பிறர் பெயரைக் கேட்கவில்லை.

நார்வேயில் புதுநாஜிக் குழுக்களை ஆராய்ந்த டோரே பியோர்கோவும் இதையே கண்டார். தோழமையும் பாதுகாப்பும் தேடி வந்த இளைஞர் பலர், கொள்கையைப் பின்னரே கற்றனர். அங்கு 1997-இல் தொடங்கிய ‘எக்சிட்’ திட்டம், பெற்றோரை ஒருங்கிணைத்துப் பிள்ளைகளை மீட்க முயன்றது. வன்முறையைக் கைவிடுதல் வேறு, கருத்தைக் கைவிடுதல் வேறு என்பார் உளவியலாளர் ஜான் ஹோர்கன். முன்னது நிகழப் பின்னது நிகழ்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. கொன்றவனுக்குத் தண்டனை குறைகிறது. கொல்லப்பட்டவனின் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? இதற்கு ஆய்வுகளிடம் விடையில்லை. நடவாமற்போன கொலைகளை எண்ணிக் காட்டவும் அவற்றால் இயலாது. ஆயினும், உள்ளே இழுத்தது ஓர் உறவென்றால், வெளியே வருபவனை ஏற்கவும் ஓர் உறவு காத்திருக்க வேண்டும் என்பதை அவை உணர்த்துகின்றன. அந்த உறவை வழங்கும் பொறுப்பைச் சட்டத்திடம் மட்டும் விட்டுவிட முடியுமா என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.