கடைசலிலிருந்து கட்டளைக்கு: பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் வளர்ந்த இயந்திரக் கருவித் தொழில்

பிற இயந்திரங்களின் உறுப்புகளைச் செய்து தரும் இயந்திரத்தைத் தொழிலுலகம் ‘தாய் இயந்திரம்’ என்று அழைக்கிறது. கடைசல் இயந்திரமும் துருவல் இயந்திரமும் இவ்வகையின. ஒரு நிலப்பகுதி துணி நெய்வதாலோ மோட்டார் செய்வதாலோ மட்டும் தொழில்வளம் பெற்றதாகக் கொள்ள இயலாது. அவற்றைச் செய்யும் கருவியைத் தானே செய்துகொள்ள இயலுமா என்பதே கடினமான கேள்வி. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முகப்பிலுள்ள கோயம்புத்தூர் இக்கேள்விக்கு விடை காணப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது.

இன்று வாளையாறு இரு மாநிலங்களின் எல்லை. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு மலபார் மாவட்டத்தின் பகுதியாகக் கோயம்புத்தூரோடு ஒரே சென்னை மாநிலத்தில் இருந்தது. இவ்வட்டாரத்தின் தொழில் வரலாற்றை மாநில எல்லைக்குள் மட்டும் நின்று எழுதுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

இத்தொழிலுக்கு முதல் உந்துதல் மலையிலிருந்து வந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபின் கோயம்புத்தூரில் நூற்பாலைகள் பெருகின. தெற்கே இடுக்கி மலையில் பள்ளிவாசல் நிலையம் 1940இல் தொடங்கி, ஆலுவாப் பகுதி ஆலைகளுக்கு மின்சாரம் தந்தது. இரண்டும் மலைநீரில் பிறந்த மின்சாரமே. ஆயினும் அவை வளர்த்த தொழில்கள் வேறுபட்டன. ஆலுவாவில் அலுமினியமும் உரமும். கோயம்புத்தூரில் பஞ்சும், பஞ்சாலைக்கு உதிரி உறுப்பு செய்யும் பட்டறைகளும், வார்ப்பாலைகளும், பம்புசெட்டுகளும். 1926இல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையமும் அதன் தொழிற்கூடமும், 1951இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் பட்டறைக்கும் பாடத்துக்கும் இடையே இருந்த இடைவெளியைக் குறைத்தன.

இச்சூழலில், லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஜி. கே. தேவராஜுலு 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு நூற்பு இயந்திரங்கள் உருவாயின. ஒரு நூற்பு இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரே சீராகச் சுழல வேண்டும். இழையை இழுத்து மெல்லியதாக்கும் உருளைகளில் சிறு பிசகு இருந்தாலும் அது நூலில் தடிப்பாகவும் மெலிவாகவும் தெரியும். ஆகவே, ஒரே அளவில் ஓராயிரம் உறுப்புகள் செய்யும் ஒழுங்கு இந்நகருக்குப் பஞ்சின் வழியாகவே வாய்த்தது.

இதே காலத்தில் உலகின் வேறொரு மூலையில் இயந்திரத்தின் இயல்பே மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஜான் பார்சன்ஸ் முன்வைத்த கருத்தைப் பின்பற்றி, எம்.ஐ.டி. ஆய்வகம் 1952இல் எண்களால் இயக்கப்படும் துருவல் இயந்திரத்தைச் செய்து காட்டியது. ஜப்பானில் ஃபுஜிட்ஸு நிறுவனத்துக்குள் வளர்ந்த கட்டுப்பாட்டுக் கருவிப் பிரிவு 1972இல் ஃபானுக் என்னும் தனி நிறுவனமாயிற்று. துளையிட்ட காகித நாடாவின் இடத்தைக் கணினி பிடித்தது, சி.என்.சி. இயந்திரம் பரவலாயிற்று.

லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1988இல் ஜப்பானின் மோரி செய்கி நிறுவனத்தோடு இணைந்து இயந்திரக் கருவிப் பிரிவைத் தொடங்கியது. 1991க்குப் பின் இறக்குமதித் தடைகள் தளர்ந்தன. வெளிநாட்டு இயந்திரங்கள் போட்டிக்கு வந்தன. மோட்டார் வாகன உதிரி உறுப்புத் தொழில் விரிந்ததால், கோரிக்கையும் கூடியது. பஞ்சாலைத் தொழிலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்பியிருந்த நிறுவனத்துக்கு இப்பிரிவு இரண்டாவது காலாயிற்று.

கணவாயின் மறுபுறத்தில் இதே தேவையை அரசுத்துறை சந்தித்தது. 1953இல் பெங்களூரில் தோன்றிய எச்.எம்.டி., 1960களில் களமசேரியில் ஆலை அமைத்தது. கோட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஸ்ட்ருமென்டேஷன் நிறுவனம் 1974இல் கஞ்சிக்கோட்டில் கட்டுப்பாட்டு வால்வுகள் செய்யும் பிரிவைத் தொடங்கியது. 2016இல் கோட்டா ஆலையை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோதும் பாலக்காட்டுப் பிரிவைக் கேரள அரசிடம் ஒப்படைக்கும் வழியையே நாடியது. தனியார் வென்றது, அரசு தோற்றது என்று இவ்வரலாற்றைச் சுருக்குவது எளிது, ஆனால் பிழை. அரசுத்துறை ஆலைகள் பயிற்றுவித்த தொழிலாளர்களும் பொறியாளர்களும் இல்லாமல் இந்தியாவில் தனியார் இயந்திரக் கருவித் தொழில் இவ்வளவு விரைவாக வளர்ந்திருக்காது.

மாற்றத்தின் ஆழத்தைச் சொற்களிலும் காணலாம். தமிழில் ‘கடைதல்’ மோருக்கும் உரியது, மரத்துக்கும் உலோகத்துக்கும் உரியது. மலையாளத்தில் அதே வேர் ‘கடச்சில்’ என வழங்குகிறது. எல்லையின் இருபுறமும் இருந்த கடைசல்காரர் கைப்பிடியைத் திருகும் அழுத்தத்தையும் உளி எழுப்பும் ஒலியையும் கொண்டே அளவை அறிந்தார். சி.என்.சி. இயந்திரத்தில் அவ்வறிவு ‘ஜி 01’ என்றால் நேர்கோடு, ‘எம் 03’ என்றால் சுழல்தண்டு ஓடட்டும் என்னும் கட்டளைகளாகியது. இம்மொழிக்குத் தமிழ், மலையாளம், இந்தி என்ற வேறுபாடு இல்லை. அதனால் தொலைவிலிருந்து வரும் தொழிலாளரும் விரைவில் வேலை பழகலாம். அதே காரணத்தால், முப்பதாண்டுக் கைப்பழக்கம் உடையவரின் பேரம்பேசும் வலிமையும் குறையலாம்.

வேறொரு கேள்வியும் எஞ்சியுள்ளது. வார்ப்பு, அடிப்பாகம், பொருத்துதல், சோதனை ஆகியவற்றில் இவ்வட்டாரம் தேர்ச்சி பெற்றுவிட்டது. கட்டளையைப் படித்து மோட்டாரை நகர்த்தும் கட்டுப்பாட்டுக் கருவியோ இந்திய இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் இன்றும் ஃபானுக், சீமென்ஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களுடையது. இயந்திரத்தின் உடல் உள்ளூரிலும் மூளை வெளியூரிலும் இருக்கின்றன. பி.எஸ்.ஜி. கல்லூரிக்கு அடுத்து, 2015இல் பாலக்காட்டில் ஐ.ஐ.டி.யும் வந்துவிட்டது. ஆலையும் ஆய்வுக்கூடமும் சுமார் ஐம்பது கிலோமீட்டருக்குள் அமைந்த ஒரு வட்டாரம் அந்த மூளையை உருவாக்க எல்லை கடந்து கூடுமா என்பதைப் பொறுத்தே இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயம் அமையும்.