ஒருவழி பாஸ்போர்ட்

பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பியிருக்கிறீர்களா? பெயர், அப்பா பெயர், பிறந்த ஊரெல்லாம் தாண்டி ஓரிடத்தில் ஒரு கேள்வி வரும். நீங்கள் இந்தியக் குடிமகன் ஆனது எப்படி? பிறப்பாலா, வம்சாவளியாலா, பதிவு செய்தோ விண்ணப்பித்தோ வாங்கிய குடியுரிமையாலா? நாமெல்லாம் யோசிக்கவே மாட்டோம். பிறப்பு என்கிற கட்டத்தில் ஒரு டிக். அடுத்த கேள்வி.

மூன்றாவது கட்டத்தில் டிக் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் இந்தியா பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார் போல என்றுதான் உடனே தோன்றும். அப்படியும் உண்டு. பழங்குடி மக்களோடு வாழ்ந்த வெரியர் எல்வின் 1954ல் இந்தியக் குடிமகன் ஆனார். ஆனால் நான் சொல்ல வந்தது அவரை அல்ல. நம்ம ஊட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர்களை.

ஊட்டிக்குப் பல தடவை போயிருப்பீர்கள். ஏரி, பூங்கா, வர்க்கி, தைலம், முடிந்தது. அடுத்த தடவை அப்படியே மைசூர் ரோட்டில் மலையிறங்கி, கூடலூர் தாண்டி, பந்தலூர், சேரம்பாடி பக்கம் போய்ப் பாருங்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டால் வேறொரு தமிழ் கேட்கும். வயதானவர் யாராவது ரயிலைக் கோச்சி என்பார். வீட்டை லயம் என்பார். ஊர் எது ஐயா என்று கேட்டால், ஹட்டன் என்பார், நுவரெலியா என்பார், பதுளை என்பார். தமிழ்நாட்டு அரசாங்கக் காகிதங்களில் இவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பக்கத்து ஊர்க்காரர்கள் வாயில் சிலோன்காரர்கள்.

இவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதலில் வந்தது இந்திய பாஸ்போர்ட். இந்தியா வந்தது அதற்கப்புறம்!

எப்படி என்று பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் கண்டி மலையில் முதலில் காப்பி வளர்த்தார்கள். நோய் வந்து காப்பி அழிந்ததும் தேயிலை வளர்த்தார்கள். பிள்ளை பெற்றார்கள், பேரன் எடுத்தார்கள். 1948ல் இலங்கை சுதந்தரம் அடைந்தது. அதே வருஷம் நவம்பரில் அமலுக்கு வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களைப் பார்த்துக் கேட்டது: நீ இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, உன் அப்பாவும் இங்கேதான் பிறந்தாரா? காட்டு, சர்டிபிகேட்.

தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவனிடம் ஏது சர்டிபிகேட்? ஏறக்குறைய 7 லட்சம் பேர், ஒரே ஒரு சட்டத்தில், எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டுரிமையும் போனது. விண்ணப்பித்தால் தருகிறோம் என்று இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். வரிசையில் நின்று மனுப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு நிராகரிப்புதான் கிடைத்தது.

16 வருஷம் இப்படியே ஓடியது. 1964 அக்டோபர் 30. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். (1974ல் இந்திரா காந்தி காலத்தில் பார்த்தார்கள். ஆளுக்கு 75,000.) அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறபோது பாத்திரம் பண்டத்தைப் பங்கு போடுவார்கள் இல்லையா? அதேதான். மலையகத்தின் பெரிய தொழிற்சங்கத் தலைவர் தொண்டைமான் எதிர்த்துப் பார்த்தார். சம்பந்தப்பட்ட ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது அவர் கேள்வி.

1968 தொடங்கி இரண்டு வருஷம் மனு வாங்கினார்கள். இதிலே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். இந்தியா வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் கிட்டத்தட்ட 4 லட்சம் பேர்தான். இந்தியாவுக்கென்று ஒதுக்கிய எண்ணிக்கைக்கே அது போதாது. இலங்கையே வேண்டும் என்றவர்களோ, அங்கே இருந்த 3 லட்சம் இடத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல்!

விகிதம் வேறு இருந்தது. 7 பேர் இந்தியாவுக்கு என்றால் 4 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. 1971ல் இலங்கை அரசாங்கம் இதை இன்னும் இறுக்கியது. 7 பேர் நிஜமாகவே கப்பலேறிப் போனால்தான் இங்கே 4 பேருக்கு. அதாவது, கூடலூருக்கு வந்து சேர்ந்த ஏழு பேரின் கணக்கில் ஹட்டனில் நாலு பேர் இலங்கைக்காரர் ஆனார்கள். அந்த நாலில் ஒருவர் சொந்த அண்ணனாகவே இருக்கலாம். தனித்தனியே மனுப் போட்ட அண்ணன் தம்பிகள் வேறு வேறு நாட்டுப் பிரஜைகளாகிவிட்ட கதை மலையகத்தில் சர்வசாதாரணம்.

கண்டியில் இந்தியத் தூதரகக் கிளை இருந்தது. அங்கேதான் இந்தியாவுக்கான மனு. நம்முடைய 1955 குடியுரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவில், வெளிநாட்டில் வசிக்கிற இந்திய வம்சாவளிக்காரர் பதிவு செய்துகொண்டு குடிமகன் ஆகலாம் என்று இருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் இவர்களை உள்ளே எடுத்தார்கள். ஒரு பதிவுச் சான்றிதழ், ஒரு பாஸ்போர்ட். புருஷன், பெண்டாட்டி, குழந்தை குட்டி விவரமெல்லாம் அதிலே.

இங்கே ஒரு சின்னக் குறுக்கீடு. அதுவரை இந்தியாவில் பாஸ்போர்ட் என்பது அரசாங்கம் பார்த்துக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 1967 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் குறுக்கே வந்து, வெளிநாடு போவது தனிமனிதச் சுதந்தரத்தில் சேர்த்தி, இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதன்பிறகே பாஸ்போர்ட் சட்டம் வந்தது. தில்லியில் இப்படி ஊர் சுற்றும் உரிமைக்காகக் கேஸ் நடந்துகொண்டிருந்த அதே காலகட்டம். கண்டி மலையில் அதே பாஸ்போர்ட், கிளம்பு என்கிற உத்தரவாகக் கைக்கு வந்தது. அது வந்துவிட்டால் தோட்டத்தில் கணக்கு முடிப்பார்கள். சேமநிதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, லயத்துக் காம்பராவைக் காலி செய்யவேண்டும்.

எழுபதுகளில் இலங்கையில் கடும் உணவுத் தட்டுப்பாடு வேறு. தோட்டங்களில் பட்டினி. போகவேண்டாம் என்று நினைத்தவர்கள்கூடக் கிளம்பினார்கள். மலையிலிருந்து கோச்சி ஏறித் தலைமன்னார். அங்கிருந்து ராமானுஜம் கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கினால் மண்டபம் முகாம். வெள்ளைக்காரன் காலத்தில் சிலோனுக்குக் கூலிகளாகப் போனவர்களை அடைத்து வைத்து நோய் நொடி பார்த்து அனுப்பிய அதே முகாம்! தாத்தா போன வாசல் வழியாகப் பேரன் திரும்பி வந்தான்.

யார் எங்கே போவது என்று குடும்ப அட்டையில் எழுதியிருக்கும். நிறைய பேருக்கு 5,000 ரூபாய் வியாபாரக் கடன். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்தவனிடம், போ, பெட்டிக்கடை வை என்றால் என்ன செய்வான்? சமவெளி வெயிலில் கடையும் போய்க் கடனும் கழுத்தை நெரித்தபோது, பல குடும்பங்கள் தேயிலை வாசனையைத் தேடிக்கொண்டு தாங்களாகவே நீலகிரி ஏறின. கோத்தகிரி, குன்னூர் பக்கம் தனியார் எஸ்டேட்டுகளிலும் படுகர்களின் சிறு தோட்டங்களிலும் கூலிக்குப் போனார்கள். அதிர்ஷ்டம் இருந்தவர்களுக்கு டான்டீ கிடைத்தது. இவர்களுக்காகவே 1968ல் வனத்துறை காட்டைத் திருத்தித் தேயிலை நட ஆரம்பித்து, 1976 முதல் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாக நடக்கிறது. தலைமையகம் குன்னூர். அதிலும் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பித் தந்துவிடலாம் என்று 2022ல் உத்தரவானது. அது தனிக்கதை.

மொத்தத்தில் நாலரை லட்சம் பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். 1983ல் இலங்கையில் கலவரம். 1984ல் கப்பல் நின்றது. இந்திய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மூட்டை கட்டிக் காத்திருந்த பல்லாயிரம் பேர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பாஸ்போர்ட் காலாவதியானது. ஓட்டு அங்கேயும் கிடையாது, இங்கேயும் கிடையாது. 2003ல்தான் இலங்கை ஒரு சட்டம் போட்டு, 1964 அக்டோபர் 30லிருந்து அங்கே வசித்து வரும் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்தது.

கலவரத்துக்குப் பயந்து படகேறி இங்கே வந்த மலையகத்தார் கதை இன்னும் மோசம். அதே தோட்டம், அதே வம்சம். ஆனால் அகதி. பாஸ்போர்ட்டோடு கப்பலில் வந்தவன் குடிமகன், தப்பித்துப் படகில் வந்தவன் சட்டப்படி 'சட்டவிரோதக் குடியேறி'. முகாமில் 30 வருஷத்துக்கு மேல் இருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இவர்களுடைய மனுக்களை அரசு பரிசீலிக்கவேண்டும் என்று 2019 ஜூனில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022ல் இன்னொரு வழக்கு. மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண், நான் பிறப்பால் இந்தியக் குடிமகள், பாஸ்போர்ட் கொடுங்கள் என்றார். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர்களுக்கு அப்பா அம்மா யார் என்கிற கேள்வியே கிடையாது. கொடுக்கச் சொன்னது கோர்ட். 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்திருந்தால் அப்பாவோ அம்மாவோ குடிமகனாக இருக்கவேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு என்றால் இன்னும் கறார். ஆகவேதான் பந்தலூர்ப் பக்கத்து வீடுகளில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் அந்தப் பழைய பாஸ்போர்ட்டும், பதிவுச் சான்றிதழும், மண்டபத்துக் குடும்ப அட்டையும் இன்னும் இருக்கின்றன. பாச்சா அரித்தாலும் தூக்கிப் போடமாட்டார்கள். துபாய் போகிற பேரன் தன் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டு, அப்பா எப்படி இந்தியர் என்ற கேள்வி வந்தால், கோயம்புத்தூருக்கு எடுத்துப் போக வேறென்ன இருக்கிறது?

ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். ஹட்டனில் பிறந்து, இருபது வயதில் கப்பலேறி, சேரங்கோட்டில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். அண்ணன் இன்னும் அங்கேதான், இலங்கைக் குடிமகனாக. சாகிறதுக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு வரவேண்டும். புது பாஸ்போர்ட் எடுக்கிறார். அந்த மூன்றாவது கட்டத்தில் டிக். பிறந்த இடம் என்கிற இடத்தில் ஹட்டன். நாடு, இந்தியா. அடுத்தது இலங்கை விசா. பேரன் படிவத்தை நிரப்புகிறான். வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டிருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, சுற்றுலா என்று போடுகிறான்.