தேய்மானத்தை இடம் மாற்றிய ஸ்டட்

அலுமினிய எஞ்சினின் மூடிகளில் போல்ட்டை அகற்றி, இரு முனையிலும் மரை கொண்ட ஸ்டட்டைப் பொருத்துவதைப் பட்டறையின் ஒட்டுவேலை எனக் கருதுவோர் உளர். வரலாறு வேறு சொல்கிறது. பழைய பிரித்தானிய எஞ்சின்களில் ஸ்டட்டின் ஒரு முனையில் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த பருமரை; மறுமுனையில் 1908இல் தரப்படுத்தப்பட்ட நுண்மரை. பருமரை மென்மையான வார்ப்பினுள் அசையாது நிற்கும். நுண்மரையில் நட்டு மட்டுமே சுழலும். போல்ட்டோ, கழற்றி முறுக்கும் ஒவ்வொரு முறையும் வார்ப்பின் மரையையே தேய்க்கும். ஸ்டட் அத்தேய்மானத்தை மலிவான நட்டுக்கு மாற்றுகிறது. நம் சாலைகளில் ஓடிய அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினிலும் சிலிண்டர் ஹெட்டைப் பிணைத்தவை ஸ்டட்டுகளே. பழுதுபார்ப்போரின் அறிவை ஒதுக்கிவிட்டுத் தொழில்நுட்ப வரலாற்றை எழுத இயலாது.