தாய்மொழியில் செய்தி: ஆப்பிரிக்கா தரும் பாடம்



ஒரு மொழி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம் யாது? “வீட்டில பேசுறோம், கோயில்ல பாடுறோம், அது போதாதா?” என்று கேட்பீர்கள். போதாது. நாட்டு நடப்பை அம்மொழியில் எழுதவும், எழுதியதை மறுத்து வாதாடவும் முடிய வேண்டும். ஆப்பிரிக்க மக்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவ்வரலாற்றைச் சற்றே காண்போம்.

ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஏறத்தாழ 2,000 மொழிகள் உள்ளன. இன்றைய நைஜீரியாவில் உள்ள அபியோகுட்டா நகரில், 1859ஆம் ஆண்டு ஹென்றி டவுன்செண்ட் என்னும் பாதிரியார் யொரூபா மொழியில் ‘ஈவே ஈரோஹின்’ என்ற செய்தித்தாளைத் தொடங்கினார். அக்கால மக்கள் சோழியைக் காசாகக் கொடுத்து அதை வாங்கிப் படித்தார்கள்! 1867இல் ஐரோப்பியருக்கு எதிராக மூண்ட கலவரத்தில் அச்சகம் அழிந்தது; பத்திரிகையும் நின்றது.

தென்னாப்பிரிக்காவிலோ வேறொரு கதை. அங்கே லவ்டேல் என்னுமிடத்தில் பாதிரிமார்கள் கோசா மொழியில் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். அதன் ஆசிரியராக இருந்தவர் ஜான் டெங்கோ ஜபாவு என்ற இளைஞர். அவர் அரசியல் எழுதுவது நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. “சரி, நம்ம பத்திரிகையை நாமே நடத்துவோம்” என்று துணிந்து வெளியேறினார். 1884இல், தமது 25ஆம் வயதில், ‘இம்வோ ஸபண்ட்சுண்டு’ என்ற இதழைத் தொடங்கினார். கறுப்பு மக்களின் கருத்து என்பது அப்பெயரின் பொருள்.

அந்நாளில் கேப் குடியேற்ற நாட்டில் ஓரளவு சொத்துடைய கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை இருந்தது. 1887இல் அரசு புதிய சட்டம் கொண்டுவந்தது. பொது நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த நிலம் சொத்துக் கணக்கில் சேராது என்றது அச்சட்டம். இதனால் பலர் வாக்கை இழந்தனர். கோசா மக்கள் அச்சட்டத்துக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘வாயைத் தைத்தல்’! ஜபாவு தம் இதழில் அதை எதிர்த்து எழுதினார். சட்டம் நின்றுவிடவில்லை; ஆயினும் தைக்க வந்தவர்களின் எதிரே ஒரு வாய் திறந்தே இருந்தது.

நைஜீரியாவின் வடபகுதியில் 1939இல் ஹௌசா மொழி இதழொன்று பிறந்தது. அதன் முதல் ஆசிரியர் அபுபக்கர் இமாம். இதழின் பெயர் ‘காஸ்கியா தா ஃபி குவாபோ’. ஒரு பென்னிக் காசை விட உண்மை மதிப்புடையது என்று பொருள். பெயரிலேயே பத்திரிகைத் தர்மம் அடங்கிவிட்டதல்லவா?

இனி கென்யாவுக்கு வருவோம். கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் புகழ் பெற்றவர். 1977இல் லிமுரு வட்டார விவசாயிகளோடும் தொழிலாளர்களோடும் சேர்ந்து, அவர்களுடைய கிக்குயு மொழியில் நாடகம் போட்டார். அரசு அதைத் தடை செய்தது. ஆண்டின் கடைசி நாளில் அவரைக் கைது செய்தது. சிறையில் எழுதத் தாள் கிடைக்கவில்லை. அதற்காக எழுதாமல் இருந்தாரா? கழிவறைத் தாளிலேயே கிக்குயு மொழியில் ஒரு நாவல் எழுதினார்! அது 1980இல் வெளிவந்தது. 2025இல் அவர் மறைந்தார்.

கணினிக் காலத்திலும் இப்போராட்டம் ஓயவில்லை. செய்தி இணையத்துக்கு மாறியபோது, எழுத்தே கணினியில் இல்லாத மொழி என்ன செய்யும்? கினி நாட்டில் பள்ளி வயதுச் சகோதரர்கள் இருவர், 1980களின் இறுதியில், தங்கள் ஃபுலானி மொழிக்கென ‘அட்லாம்’ எழுத்தை உருவாக்கினார்கள். நோட்டுப் புத்தகத்தில் பிறந்த அவ்வெழுத்து, 2016இல் யுனிகோடு என்னும் உலகக் கணினி எழுத்துப் பட்டியலில் இடம் பெற்றது. ஹௌசா மொழியில் 1957இலேயே வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த பி.பி.சி., 2018இல் யொரூபா, இக்போ மொழிகளிலும் செய்திச் சேவை தொடங்கியது.

அன்பர்களே! இவர்களில் எவரும் ‘நம்ம மொழியில இதெல்லாம் முடியுமா?’ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. இன்று பரிசு பெறும் மாணவரே, வீட்டுக்குப் போனதும் தமிழ் நாளிதழ் ஒன்றை எடுத்து, ஒரு செய்தியைப் பாட்டிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பிறகு, “நீங்க என்ன நினைக்கிறீங்க பாட்டி?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில்தான் மொழி வாழ்கிறது.