பெயரற்ற பருவம்

சீனன்குடாவின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் எண்ணெய்த் தொட்டிகளே முன்வந்து நிற்கின்றன. பிரித்தானியக் கடற்படைக்கென எழுப்பப்பட்டவை அவை. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. விமானமொன்று தொட்டியொன்றின்மீது வீழ, அது நாட்கணக்கில் எரிந்தது. 1957இல் தளங்கள் நம் நாட்டிற்குக் கைமாறின. பின்னர் மா ஆலை வந்தது, சீமெந்து ஆலை வந்தது, 2003இல் இந்திய எண்ணெய்க் கம்பனி வந்தது. இவற்றையெல்லாம் மாணவர் மனப்பாடம் செய்துவிடுவர். தொட்டிகளைச் சூழ வாழ்ந்த பெண்களின் உடலுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை மட்டும் நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை.

தொட்டி எரிந்த மறுமாதம், அதே 1942இன் மே மாதத்தில், அமெரிக்க அரசு ஒரு மருந்தின் விற்பனைக்கு அனுமதி வழங்கியது. சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஈஸ்திரோஜன் ஓமோன் அது. பிரெமரின் என்ற பெயரே அம்மூலப்பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் ஒட்டு. மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளுக்கு மாற்று இதுவே என்று அது விற்கப்பட்டது. இச்செய்தியை நாம் தேடிப் படிக்க நேர்ந்தது நம் ஆசிரியர் ஓய்வறையில் கேட்ட ஒரு கேள்வியால்.

நம்முடன் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர். இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உடையவர். சீனன்குடாவிலிருந்து நாள்தோறும் பள்ளிக்கு வருபவர். ஒருநாள் கரும்பலகையில் பாதி எழுதிய சமன்பாட்டின் முன் சோக்கட்டியுடன் நின்றுவிட்டார். அடுத்த வரி வரவில்லை. முன்வரிசை மாணவியின் பெயரும் வரவில்லை. ஓய்வறைக்கு வந்தவர் கதவைச் சாத்திவிட்டு, "பிள்ளை, எனக்கு மூளை குழம்புதோ? அம்மாவின்ர மாமிக்கு வந்த மறதி வியாதிதான் எனக்கும் வருதோ?" என்று கேட்டார்.

அவருக்கு வயது 49. மூன்றாண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். அச்சிகிச்சையின்போதே மாதவிடாய் சட்டென்று நின்றுவிட்டது. ஈஸ்திரோஜன் மார்பகத்தில் வேலை செய்யாதபடி தடுக்கும் டமொக்சிபன் மாத்திரையை நாள்தோறும் விழுங்குபவர். ஆகவே ஓமோன் மருந்து அவருக்கு விலக்கப்பட்டது. "வயதுக்கோளாறு, பழகிக்கொள்ளுங்கள்" என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

பழகிக்கொள்ளுங்கள் என்பது புதிய மருத்துவம் அன்று. நாம் பல்கலைக்கழகத்தில் பாட்டியல் நூல்களைப் படித்தபோது பெண்ணின் பருவங்கள் ஏழென்று ஒப்பித்தோம்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பேரிளம்பெண்ணின் எல்லை 40 வயது. உலா இலக்கியத்திலே தலைவன் பவனி வரும் வீதியில் அதற்கு மேற்பட்ட பெண்ணுக்கு இடமில்லை. காண்பார் கண்ணுக்கு இனியவளாய் இருக்கும்வரைதான் பெயர். அதன்பின் அவள் பெயரற்றவள். மருத்துவ நூலான சுசுருத சங்கிதையோ மாதவிடாய் பன்னிரண்டில் தொடங்கி ஐம்பதில் ஓயுமென்று நிதானமாக வரையறுத்தது. புலவன் நாற்பதில் நிறுத்திய கணக்கை வைத்தியன் ஐம்பதுவரை கொண்டுசென்றான் என்று நம் விரிவுரையாளர் எவரும் சுட்டிக்காட்டியதில்லை!

மேனாட்டார் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு மருத்துவர் கார்தான் 1821இல் வழங்கிய சொல்லே இன்று உலகெங்கும் வழங்குகிறது. ஆயின் பெயரோடு பழியும் வந்தது. இலண்டன் மருத்துவர் எட்வர்ட் ரில்ற் 1857இல் வெளியிட்ட நூலில் இப்பருவத்துப் பெண்ணின் மனக்குழப்பங்களை நீளப் பட்டியலிட்டார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மானிய மனநோய் மருத்துவர் கிரெப்பலின் முதுமைத் தொடக்கத்துச் சோகநோய் என்று ஒன்றை வகுத்தார். 1980வரை அது அமெரிக்க நோய்ப் பட்டியலில் நிலைத்திருந்தது. சோக்கட்டியோடு நின்ற நம் ஆசிரியை நூறாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்திருந்தால் மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டிருக்கவும் கூடும்.

பழி நீங்கியது வியாபாரத்தால். இதுவும் நன்றாக நோக்கத்தக்கது. 1929இல் அமெரிக்காவில் டொய்சியும் ஜேர்மனியில் பூட்டெனாண்டும் ஈஸ்திரோஜன் வகையொன்றைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். விஞ்ஞானத்தின் வெற்றி அது. பின்னர் வந்தது கம்பனி. 1966இல் நியூயோர்க் மருத்துவர் றொபேட் வில்சன், என்றென்றும் பெண்ணாயிருக்க வழி காட்டுவதாக ஒரு நூல் எழுதினார். மாதவிடாய் நின்ற பெண் குறையுடையவள், மாத்திரையே அவளை மீட்கும் என்பது அதன் சாரம். அவருடைய ஆய்வு நிறுவனத்துக்கு நிதி கொடுத்தவர்களில் ஓமோன் விற்ற கம்பனிகளும் இருந்தன. 1975இல் ஈஸ்திரோஜனைத் தனித்து உண்டோரிடம் கருப்பைப் புற்றுநோய் மிகுவது வெளிப்பட்டது. வேறொரு ஓமோனைச் சேர்த்துக் கொடுத்து அதைச் சமாளித்தார்கள். 2002 யூலையில் 16,608 அமெரிக்கப் பெண்களைக் கொண்ட பேராய்வு, மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் மிகுந்தமையால் இடையில் நிறுத்தப்பட்டது. அப்பெண்களின் சராசரி வயது 63 என்பதும், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குட்பட்டோருக்கு ஆபத்து குறைவு என்பதும் பின்னரே தெளிவாயின. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிருவாகம் இம்மருந்துகளின் கடும் எச்சரிக்கையை நீக்கப்போவதாக அறிவித்தது. ஒரு காலத்தில் தூக்கினார்கள், ஒரு காலத்தில் போட்டார்கள், இப்போது மறுபடியும் தூக்குகிறார்கள்.

இந்த ஊசலாட்டம் எதுவும் நம் ஆசிரியையின் நிலையை மாற்றவில்லை. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்கு ஓமோன் கொடுத்துப் பார்த்த சுவீடன் ஆய்வு, நோய் திரும்ப வருவதைக் கண்டு 2003 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. இரத்தக்கட்டி, பக்கவாதம், கடும் ஈரல் நோய் கண்டோருக்கும் இக்கதவு பெரும்பாலும் அடைபட்டதே.

இங்கேதான் நாம் ஆசிரியைக்கு ஒரு நற்செய்தி சொல்ல முடிந்தது. அடைபட்ட கதவுக்குப் பின்னால் மறதிக்கான மருந்து இருக்கவில்லை. மாதவிடாய் நின்று மூன்றாண்டுக்குட்பட்ட பெண்களுக்கு ஓமோன் கொடுத்து நினைவாற்றலைச் சோதித்த அமெரிக்க ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. நான்காண்டு முடிவில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஓமோன் உறுதியாகத் தணிப்பது வெக்கையை. வெக்கை தணிந்தால் உறக்கம் வரும். மூட்டத்திற்கு அதற்கு மேல் தனி மருந்தாக அது நிறுவப்படவில்லை.

மூட்டம் மெய்யானதா? மெய்யானதே. 2009இல் வெளியான ஆய்வொன்றில் 2,362 பெண்களை நான்காண்டுகள் தொடர்ந்து சோதித்தனர். ஒரே சோதனையை மறுமுறை எழுதும்போது எவர்க்கும் சற்றே கூடுதலாக வரும். மாதவிடாய் நிற்பதற்கு முந்திய இடைக்காலத்தில் அந்த முன்னேற்றம் தடைப்பட்டது. நின்ற பிறகு திரும்ப வந்தது. மூட்டம் கவிந்து பின் கலைகிறது என்பது இதன் பொருள். அவ்வாய்வில் நம் தெற்காசியப் பெண்கள் இடம்பெறவில்லை என்பதையும், திடீரென மாதவிடாய் நின்ற புற்றுநோயாளரின் பாதை சற்று வேறுபடலாம் என்பதையும் ஆசிரியையிடம் மறைக்கவில்லை. ஆயினும் பெயர் வராது தடுமாறுவதும், பெயர் என்ற ஒன்று உண்டென்பதே மறந்துபோவதும் ஒன்றல்ல. வீட்டுக்குப் போகும் வழி அவருக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

2008இல் போலின் மாக்கி என்ற ஆய்வாளர், உடலில் கருவி பொருத்தி வெக்கைகளை எண்ணினார். பெண்கள் சொன்னதைவிட எண்ணிக்கை அதிகம். அவை மிகுந்தோரிடம் சொல் நினைவு குன்றியிருந்தது. இரவில் நாலுமுறை வியர்த்து விழிப்பவர் காலையில் சமன்பாட்டை மறப்பதில் என்ன வியப்பு? 2012இல் மைரா ஹன்ற்றர் குழுவினர் இலண்டனில், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப்பின் வெக்கையால் வருந்திய 96 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஆறு வாரம் கூடிப் பேசும் பயிற்சி அளித்தனர். மூச்சை நிதானமாக்குதல், எண்ணத்தைச் சீர்செய்தல் ஆகியனவே பாடம். வெக்கையின் தொல்லை குறைந்தது; உறக்கமும் மனமும் தேறின. வெக்கையைத் தணிக்கும் ஓமோனில்லா மாத்திரைகளும் உள. ஆனால் பரொக்செற்றின் போன்ற சில, டமொக்சிபனின் வேலையைக் கெடுக்கும். நாட்டு மருந்தானாலும் புற்றுநோய் மருத்துவருக்குச் சொல்லாமல் தொடக்கூடாது. 1996 முதல் நாட்டில் இயங்கும் சுகவனிதையர் கிளினிக்கில் இரத்த அழுத்தமும் நீரிழிவும் பார்ப்பார்கள். இரத்தச்சோகை, தைரொயிட், பி12 குறைவு ஆகியவற்றையும் சோதிக்கக் கேட்க வேண்டும். இவையும் இதே மூட்டத்தைத் தருவன.

மற்றொன்றைக் கருவி எண்ணாது. இன்று ஐம்பதை நெருங்கும் சீனன்குடாப் பெண், 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது பள்ளிச் சிறுமி. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது கைக்குழந்தையோடு ஓடிய தாய். உறக்கம் அவளுக்கு என்றுமே முழுமையாகக் கிடைத்ததில்லை. அரிசி எப்போது முடியும், சீட்டுக்காசு எந்தத் தேதி, மாமியாரின் மாத்திரை எத்தனை மிச்சம், மகனின் சீருடை எங்கே என்று குடும்பத்தின் கணக்குப் புத்தகம் முழுவதையும் கூலியின்றித் தலைக்குள் சுமப்பவளும் அவளே. ஆண்மகன் மறந்தால் வேலைப்பளு; அவள் மறந்தால் வியாதி.

ஆசிரியை அக்கணக்கைத் தலையிலிருந்து இறக்கினார். சுவரில் பெரிய நாட்காட்டி தொங்கியது. மாத்திரையும் சீட்டுக்காசும் கணவர் பொறுப்பு. இரவுச் சமையல் மகன் பொறுப்பு. முதல் வாரம் சோறு குழைந்தது, எவரும் சாகவில்லை. மாலையில் புகையிரதப் பாதையோரம் அரைமணி நேரம் நடக்கிறார். பருத்திச் சேலை, படுக்கையருகே மின்விசிறி, பிற்பகலுக்குப்பின் தேநீர் இல்லை. வகுப்பு மேசைக் கண்ணாடியின் கீழ், மாணவர் அமரும் வரிசைப்படியே பெயர்கள். சமன்பாட்டின் படிகள் கையடக்கக் குறிப்பில்.

இவற்றைவிடக் கடினமாயிருந்தது நேரசூசி. தரம் 11 கணிதத்தைப் பிற்பகலிலிருந்து காலை முதற் பாடவேளைக்கு மாற்றக் கேட்டபோது, காரணத்தைச் சொல்ல அவர் வெட்கினார். நாலு ஆசிரியைகள் கூடச் சென்றோம். அவர்களில் இருவர், தங்களுக்கும் இதுவேதான் என்று அந்த அறையில்வைத்து முதன்முறையாக வாய்திறந்தார்கள். அதிபர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு பென்சிலை எடுத்து, சங்கீதத்தை ஐந்தாம் பாடவேளைக்குத் தள்ளினார். சங்கீத ஆசிரியர் இன்றும் நம்முடன் சரியாக முகங்கொடுத்துப் பேசுவதில்லை.