சோழர் காலத்து ரீஸ்டோர்

பெரிய டேட்டாபேஸை காப்பி எடுக்கிறதெல்லாம் நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு மட்டுமே வந்த தலைவலின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்லை மக்களே, ராஜராஜ சோழனுக்கே இருந்திருக்கு :-)

முதல்ல என்னோட கொசுவத்தி. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஆபீஸ். விண்டோஸ் சர்வர்ல 400 ஜிபி டேட்டாபேஸ். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "டெஸ்டிங்குக்கு ஒரு காப்பி போட்டுடுப்பா"ன்னு ஏதோ டீ வாங்கிட்டு வரச் சொல்ற மாதிரி சொல்லிட்டு மேனேஜர் கிளம்பிட்டார். ஃபைலை அப்படியே காப்பி பண்ணப் போனா, 'உபயோகத்தில் இருக்கு'ன்னு விண்டோஸ் விரட்டுச்சு. சரின்னு முறைப்படி பேக்கப் எடுத்தேன், 90 ஜிபிக்கு அடங்கிச்சு. கையில இருந்த டிஸ்க்கோ ஃபேட்32. 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலை வாங்கிக்காது. ஃபார்மேட் மாத்தி டெஸ்ட் சர்வருக்குக் கொண்டு போனா, ரீஸ்டோருக்கு காலி இடத்தையும் சேர்த்து முழு 400 ஜிபியும் வேணுமாம்! புது டிஸ்க் வர்றதுக்குள்ள திங்கட்கிழமை ஆயிடுச்சு.

இப்ப அப்படியே திருமழபாடிக்கு வாங்க. அரியலூர் மாவட்டம், கொள்ளிடக் கரை. அங்கே கோயில் விமானத்தை இடிச்சுப் புதுசாக் கட்டச் சொல்லி, ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1013 வாக்கில்) ஆணையிட்டான். அந்தக் காலத்துல கோயில் சுவர்தான் ஊரோட டேட்டாபேஸ். யார் எந்த நிலம் கொடுத்தாங்க, விளக்கெரிக்க எத்தனை ஆடு விட்டாங்க, எல்லாம் அதிலதான். அதனால இடிக்கும் முன் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொன்னான். அது பேக்கப். புதுச் சுவரில் திரும்ப வெட்டினது மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் (1026 வாக்கில்). ரீஸ்டோருக்கு 13 வருஷம்! எங்க மேனேஜர் அங்கே இருந்திருக்கணும்.

இன்னொரு விஷயம். இப்படித் திரும்ப வெட்டும்போது, இது 'பழங்கற்படி', அதாவது பழைய கல்லோட நகல்னு சொல்லி வைக்கிற வழக்கமும் கல்வெட்டுகள்ல உண்டு.

நான் சொல்லி வைக்கலை. திங்கள் ராத்திரி ரீஸ்டோர் முடிச்சுட்டுத் தூங்கப் போயிட்டேன். டெஸ்ட் சர்வர் தன்னை ஒரிஜினல்னே நினைச்சுக்கிட்டு, வெள்ளிக்கிழமை கணக்கை வெச்சு நிஜ வாடிக்கையாளர்களுக்கு 'பணம் கட்டவில்லை'ன்னு மெயில் அனுப்பித் தள்ளிடுச்சு. மறுநாள் ஒரு பெரியவர் ரசீதோட மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். "சனிக்கிழமையே கட்டிட்டேனே தம்பி..." என் முகத்தை எங்கே வெச்சுக்கறதுன்னு தெரியலை.

இப்பல்லாம் ரீஸ்டோர் முடிஞ்சதும் முதல் வேலை, மெயில் முகவரிகளை அழிக்கிறது. ரெண்டாவது, டேட்டாபேஸ் பேரை மாத்தறது.

என்ன பேருன்னு கேட்கறீங்களா? பழங்கற்படி!