பங்கும் பங்காளியும்: தொண்டைமண்டலக் காணியாட்சியில் மரபுரிமையும் அடிமைமுறையும்

முன்னுரை

கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்ட உரிமையாளர்கள் நிலத்தையும் அதில் உழைத்த அடிமைகளையும் உயில் வழியே தம் மனைவி மக்களுக்கு விட்டுச் சென்றனர். அங்கு அடிமைச் சொத்து குடும்ப உறவின் வழியே தலைமுறை கடந்தது. தமிழகத்திலும் இதற்கு ஒப்பான நிலை இருந்தது. பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி ஆகிய ஊர்களை உள்ளடக்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் காணியாட்சி முறையை முன்வைத்து, அடிமைமுறைக்கும் மரபுரிமைக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

காணியாட்சியும் உறவும்

1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து இப்பகுதியை ஜாகீராகப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, காணியாட்சியை ‘மிராசு’ என்றே குறித்தது. மரபுரிமை எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. ஊர் நிலம் பல பங்குகளாக மதிக்கப்பட்டது. தந்தையின் பங்கை மகன்கள் பிரித்துக்கொண்டமையால் அது அரையாகவும் காலாகவும் சிதறியது. தந்தைவழி உறவினரைக் குறிக்கும் ‘பங்காளி’ என்ற சொல், சொத்தும் உறவும் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருந்ததைக் காட்டுகிறது.

மிராசு உரிமை பற்றி அரசு எழுப்பிய பதினேழு வினாக்களுக்கு எல்லிஸ் அளித்த விடைகள் 1818இல் அச்சாயின. வேளாளர் மிராசு ஊர்களில் பறையர்கள் நிலத்தோடு கட்டுண்ட அடிமைகளாக இருந்ததை அவர் பதிவு செய்துள்ளார். எனவே, பங்கு கைமாறியபோது அவர்களது உழைப்பின் மீதான உரிமையும் கைமாறியது. மிராசுதாரின் மகனுக்கு நிலம் வந்தது. அடிமையின் மகனுக்கு அடிமை நிலை வந்தது.

சட்டமும் நிலமும்

பிரித்தானிய நாடாளுமன்றத்தின் 1833ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம், கரீபியன் உள்ளிட்ட குடியேற்றங்களின் அடிமை உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. அடிமைகளுக்கு ஏதும் வழங்கவில்லை. கம்பெனியின் ஆட்சிப்பகுதிகள் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. இந்தியாவுக்கென 1843இல் இயற்றப்பட்ட ஐந்தாம் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. அடிமையாக இருந்தவர் என்ற காரணத்தால் ஒருவர் உழைப்பாலோ மரபுரிமையாலோ அடைந்த சொத்தைப் பறிக்கலாகாது என்றும் அது விதித்தது.

ஆயினும், மரபுரிமையாக அடைவதற்குரிய நிலம் அவர்களிடம் இல்லை. குடியிருந்த சேரி மனையும் மிராசுதாரின் பிடியிலேயே இருந்தது. வேறிடத்தில் வேலைக்குச் செல்ல முயன்றவரை மனையிலிருந்து வெளியேற்றுவதாக அச்சுறுத்த முடிந்தது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை இந்நிலையை விரிவாக எடுத்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணை, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது. பின்னர்ப் ‘பஞ்சமி நிலம்’ எனப் பெயர்பெற்ற அந்நிலங்களைப் பிறருக்கு விற்பதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன.

முடிவுரை

அடிமை என்ற சட்டநிலை நீங்கிய பின்னும், நிலத்தின் மரபுரிமை வழியே ஆதிக்கம் நிலைத்தது. பஞ்சமி நிலம் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முயன்றது. அதுவும் பல இடங்களில் பிறர் கைக்குச் சென்றது. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது 1994இல் செங்கற்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். வயல்கள் மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்ட சென்னையின் மேற்குப் புறநகரின் நில வரலாறும், யாருக்கு எது மரபுரிமையாக வந்தது என்ற வினாவிலிருந்தே தொடங்கப்பட வேண்டும்.